சாமி தாத்தாவுக்கு எடுத்து வைத்த கேக்

கூலாய்,
ஜனவரி 4

அன்பு மகள் அபிகெயிலுக்கு அப்பா எழுதுவது,

ஆண்டவர் கிருபையில் இங்கே நானும் சுகம், வீடும் சுகம், உன் அம்மாவும் சுகம். அவள் குரல் மட்டும் இரண்டு வாரம் லீவில் போயிருந்தது, அதுவும் திரும்பி வந்துவிட்டது. நீயும் அந்த அயர்லாந்துக் குளிரில் சளி பிடிக்காமல், நேரத்துக்குப் பசியாறி, ஆஸ்பத்திரி வேலையில் யாரிடமும் பேச்சு வாங்காமல் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று தினமும் உன் பெயரைச் சொல்லித்தான் ஜெபத்தை முடிக்கிறோம். கையில் போன் இருக்கும்போது இதென்ன அப்பா கடுதாசி எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் பேசினால் நான் நடுவில் மூக்கை உறிஞ்ச ஆரம்பித்துவிடுகிறேன், நீ லைன் சரியில்லை என்று வைத்துவிடுகிறாய். ஒன்பதாம் தேதி உன் வீட்டுக்காரர் யுகேந்திரனும் பிள்ளை சாருமதியும் உன்னிடம் வர விமானம் ஏறுகிறார்கள், அவர் பெட்டியில் இதை வைத்துவிட்டால் லைன் தொந்தரவு இல்லை. எட்டு வருஷமாக உன்னிடம் சொல்லாத ஒன்றை இதில் சொல்லப் போகிறேன். அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்துக்குப் போகாதே, நான் எழுதின வரிசையிலேயே படி.

அம்மாவுக்குத் தொண்டையில் வளர்ந்திருந்த சின்னச் சதையை டிசம்பர் பதினாறாம் தேதி எடுத்தார்கள் என்பது உனக்குத் தெரியும். இரண்டு வாரம் வாயைத் திறக்கக்கூடாது, குசுகுசுவென்றுகூடப் பேசக்கூடாது, இருமவும் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உன் அம்மா பேசாமல் இருந்தால் இந்த வீடு எப்படி இருக்கும் என்று நீயே யோசித்துப் பார், ரேடியோவைப் பிடுங்கிக்கொண்டு போன மாதிரி. அவள் ஒரு தட்டும் ஸ்பூனும் எடுத்து வைத்துக்கொண்டாள். ஒரு தட்டு தட்டினால் 'இங்கே வாங்க', இரண்டு தட்டு தட்டினால் 'வேணாம்', விடாமல் தட்டினால் நான் ஏதோ தப்புச் செய்துகொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். முப்பத்தைந்து வருஷம் ஃபேக்டரி வேன் ஓட்டினவன் நான், இவ்வளவு ஹார்ன் சத்தம் செனாய் ரோட்டில்கூடக் கேட்டதில்லை. மாவுத் தூசி பட்டால் இருமல் வரும் என்று அடுப்படிப் பக்கமே அவளை விடவில்லை, அதனால் இந்த கிறிஸ்துமஸுக்கு வீட்டில் கேக் கிடையாது, கடையில் வாங்கிக்கொள்வோம் என்று நான்தான் முடிவு செய்தேன். லீவுக்கு வந்திருந்த உன் மகள் கடைக் கேக்கை ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, "தாத்தா, இதுல பாட்டி வாசமே இல்ல லா" என்று தள்ளி வைத்துவிட்டாள். ஏழு வயசுப் பிள்ளைக்கு எவ்வளவு நாக்கு பார்.

அது சொன்னதும் எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது அபி. பழைய தமான் குடியிருப்பு வீட்டில் அடுப்படியில் கடிகாரம் இல்லை, அம்மா தோட்டத்து லயத்து வீட்டில் அவள் அம்மாவிடம் பழகின மாதிரியே எல்லாவற்றுக்கும் ஜெபத்தில்தான் நேரம் பார்ப்பாள். வெண்ணெயும் சீனியும் அடிக்க ஒரு முழுச் செபமாலை, முட்டை ஒன்றொன்றாக ஊற்றி அடிக்கச் செபமாலையில் பத்து மணி, ஓவனில் வைத்தபின் மூன்று செபமாலை, நடுவில் கதவைத் திறக்கக்கூடாது. அவள் அடிப்பாள், நீ கீழே உட்கார்ந்து மணி உருட்டிக்கொண்டே சத்தமாகச் சொல்லுவாய். நான் வேனைக் கழுவிக்கொண்டு ஜன்னல் வழியே கேட்டுக்கொண்டிருப்பேன், உங்கள் குரலும் மரக்கரண்டி சத்தமும் சேர்ந்துதான் எனக்கு கிறிஸ்துமஸ். ஒரு வருஷம் நீ கால் மரத்துப்போய் இரண்டு பத்து மணியைத் தாண்டிக் குதித்துவிட்டாய், ஓவனில் மூன்று செபமாலை இரண்டரையாகச் சுருங்கிப்போய் கேக் நடுவில் குழி விழுந்து உட்கார்ந்துவிட்டது. அம்மா ஓவனைத் திட்டினாள், மாவுக் கடைக்காரனைத் திட்டினாள், நீ வாயே திறக்கவில்லை. மூன்று நாள் கழித்து ஸ்கூலுக்குப் போகும்போது வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா, நான்தான் ஜெபத்தத் திருடிட்டேன்" என்று தேம்பித் தேம்பி அழுதாய். நான் ஓரமாக நிறுத்திவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, அம்மாவிடம் நீயே சொல்லிவிடு என்றேன். சாயந்திரம் போய்ச் சொல்லியும்விட்டாய். அப்போது உனக்கும் ஏழு வயசு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கிறிஸ்துமஸ் மறுநாள் காலையில் சாருமதி என் முன்னால் வந்து நின்றுகொண்டு, நாம் ரெண்டு பேரும் கேக் செய்யலாம், போனில் ஈசியான கேக் பார்த்து வைத்திருக்கிறேன், ஓவன்கூட வேண்டாம், இட்லிப் பானையில் ஆவியில் வைத்தால் போதும், ஆனால் முட்டை போடக்கூடாது என்றாள். முட்டை இல்லாமல் என்னம்மா கேக், அது மாவுக் கட்டி இல்லையா என்றேன். அதற்கு அவள், "திராம் தாத்தா மாலை போட்டிருக்காங்க, முட்டை சாப்பிட மாட்டாங்க, ரெண்டு தாத்தாவும் சாப்பிடற கேக்தான் எனக்கு வேணும், நான்தான் ஊருக்குப் போறேனே" என்றாள். திராம் தாத்தா என்றால் உலு திராமில் இருக்கிற உன் மாமனார் லெட்சுமணன்தான், வருஷா வருஷம் சபரிமலைக்கு மாலை போட்டு விரதம் இருக்கிறவர், இந்த மாதங்களில் அவரைப் பிள்ளை சாமி தாத்தா என்றுதான் கூப்பிடும். நான் பேப்பரைத் திருப்பினேன். பிள்ளை விடவில்லை. "கேக்க நீங்களே கொண்டாந்து வீட்டுல குடுக்கணும், பெட்ரோல் ஸ்டேஷன்ல குடுக்கக் கூடாது" என்றாள். அபி, அந்த இடத்தில் எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அவள் கைக்குழந்தையாக இருந்த நாளிலிருந்து நான் அவளைக் கொண்டுபோய் விடுவதும் கூட்டி வருவதும் உலு திராம் மெயின் ரோட்டுப் பெட்ரோல் ஸ்டேஷனில்தான், யுகேந்திரன் அங்கே வந்து வாங்கிக்கொள்வார். அந்த வீட்டு வாசல் அங்கிருந்து ஐந்து நிமிஷம். ஏழு வருஷத்தில் ஒரு நாள் நான் மிதித்ததில்லை. பெரியவர்கள் விஷயம், பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், மடையன்.

அன்றைக்கு மத்தியானம் அம்மாவை அவள் தங்கை பிரேமலா வந்து ஆஸ்பத்திரிக்குத் தொண்டையைக் காட்டக் கூட்டிப் போய்விட்டாள். வீட்டில் நானும் பிள்ளையும்தான். வெண்ணெய், டின் பால், ஆரஞ்சுச் சாறு எல்லாவற்றையும் ஒரு சட்டியில் போட்டுச் சூடு பண்ணி ஆறவைத்தோம், மாவைச் சலித்தோம், பாதி மாவு நான் கட்டியிருந்த சாரத்தில். முட்டைக்குப் பதில் பொங்குவதற்குச் சோடா மாவு, அதைப் போட்டதும் நுரைத்து வந்ததைப் பார்த்துப் பிள்ளை கை தட்டினாள். முட்டை விஷயத்தில் நான் எவ்வளவு கவனம் தெரியுமா, முட்டை அடித்த கரண்டியாக இருக்கக்கூடாது என்று புதுக் கரண்டியே எடுத்தேன், பாத்திரத்தை மூன்று தரம் கழுவினேன். கடைசியில் பழம். அம்மா அக்டோபரிலேயே இரண்டு போத்தலில் பழம் ஊறவைத்திருந்தாள், வழக்கம்போல. பெரிய போத்தல் நமக்கு, சின்ன போத்தல் பக்கத்து வீட்டு மலாய் அக்கா காக் ரோஸுக்குக் கொடுக்கிற கேக்குக்கு. எந்தப் போத்தல் தாத்தா என்று பிள்ளை கேட்டாள். பாட்டி வாசம் வேணும்னா பெரிசுதாம்மா என்று நான்தான் பெருமையாகச் சொன்னேன். அதற்கப்புறம் டின்னை மூடி இட்லிப் பானையில் வைத்தோம். எத்தனை நேரம் என்று கேட்டதும் போனைப் பார்க்காமல் வாயில் தானாக வந்தது, மூன்று செபமாலை என்று. அவளுக்கு அந்த ஜெபம் தெரியாது, கோவில் வகுப்பில் சாமி தாத்தா சொல்லிக்கொடுத்த பாட்டுத்தான் தெரியும். நான் ஒரு பத்து மணி சொன்னேன், அவள் ஒரு பாட்டுப் பாடினாள், நான் ஒரு பத்து, அவள் ஒரு பாட்டு. இப்படியே ஒன்றரை மணி நேரம் அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தோம். எட்டு வருஷத்துக்கு முன்னால் யாராவது என்னிடம் இப்படி நடக்கும் என்று சொல்லியிருந்தால் கையை ஓங்கியிருப்பேன். கேக் குழி விழாமல் நன்றாகவே வந்தது. அம்மா திரும்பி வந்து பார்த்து இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டாள், அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் காலை நானும் பிள்ளையும் புறப்பட்டோம். அம்மாவைக் கூப்பிட்டேன், பேசாமல் போய் அங்கே ஊமை மாதிரி உட்கார முடியாது என்று இரண்டு தட்டு தட்டிவிட்டாள். ஸ்கூடாய் தாண்டும்போது போன் அடித்தது. பிள்ளை ஸ்பீக்கரில் போட்டாள். ஒரு பேச்சும் இல்லை, டக் டக், டக் டக் என்று ஸ்பூன் சத்தம் மட்டும். "இரண்டு தட்டுன்னா வேணாம், எது வேணாம்? நான் என்ன கேட்டேன் உன்கிட்ட?" என்று நான் கத்துகிறேன், அந்தப் பக்கம் ஸ்பூன் நிற்கவே இல்லை. மறுபடியும் அடித்தது, மறுபடியும் டக் டக். ஒரு வேளை நான் அந்த வீட்டுக்குப் போவது வேண்டாம் என்கிறாளோ என்றுகூட நினைத்துப் பயந்துவிட்டேன். டின்னை மடியில் வைத்திருந்த பிள்ளையிடம், பாட்டிக்குப் பொழுது போகவில்லை, போனை என் சட்டைப் பையில் போடு என்று சொல்லிவிட்டேன். பெட்ரோல் ஸ்டேஷன் வந்தது. பழக்க தோஷம், சிக்னல் போட்டுவிட்டேன். பிள்ளை என் கையைத் தட்டினாள். சிக்னலை அணைத்துவிட்டு நேரே போனேன்.

வாசலில் யுகேந்திரன் நின்றார். என்னைப் பார்த்ததும் செருப்பு மாட்டக்கூட மறந்து ஓடி வந்தார். உன் மாமனார் கறுப்பு வேட்டியில் கழுத்து நிறைய மணியோடு ஹாலில் இருந்தார், எழுந்து நின்று, "வாங்க சம்பந்தி, பசியாறுனீங்களா?" என்றார். அவ்வளவுதான். ஏன் இத்தனை வருஷம் என்று ஒரு வார்த்தை இல்லை, நேற்றுத்தான் பார்த்துப் பிரிந்த மாதிரி. எனக்கு உட்காரவே கூச்சமாக இருந்தது. சாருமதி டின்னைத் திறந்து, முட்டை கிடையாது சாமி தாத்தா, நானும் கூலாய் தாத்தாவும் செய்தது என்று வரிசையாகச் சொன்னாள். அவர் ஒரு துண்டு வெட்டிப் பிள்ளைக்கு ஊட்டினார், இன்னொரு துண்டை வெட்டித் தன் கையில் எடுத்தார். உனக்குப் போட்டோ அனுப்பலாம் என்று நான் போனை எடுத்தேன். திரையில் உன் அம்மா அனுப்பினது: "சின்ன போத்தல் அப்படியே இருக்கு. பெரிய போத்தல்ல பிராந்தி. குடுக்காதீங்க."

அலமாக்! அபி, சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பிராந்தியை வருஷா வருஷம் வாங்கி வருகிறவனே நான். ஆனால் எனக்கு அது பழப் போத்தல், அவ்வளவுதான், அதை யாராவது சாராயம் என்று நினைப்பார்களா? காக் ரோஸ் மது தொடமாட்டார் என்றுதான் அவருக்குத் தனிப் போத்தல், அதுகூட எனக்கு ஞாபகம் வரவில்லை. முட்டை முட்டை என்று முட்டையையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன். மாலை போட்டவர் வீட்டுக்குள் முதன்முதலாகக் காலை வைத்து, மது ஊற்றின கேக்கை அவர் கையில் கொடுத்திருக்கிறேன். ஒரு நொடி மனசு என்னவெல்லாமோ சொன்னது. ஒன்றரை மணி நேரம் ஆவியில் வெந்ததில் பிராந்தி எங்கே மிச்சம் இருக்கும், யாருக்குத் தெரியப் போகிறது, சொன்னால் வேண்டுமென்றே செய்தேன் என்று நினைப்பார்களே, பிள்ளை முகம் வாடிப்போகுமே, நான் மறுபடி அந்தப் பெட்ரோல் ஸ்டேஷனுக்கே போய்விடுவேனே என்று. ஆனால் நாம் கறி தொடாத தவக்காலத்து வெள்ளிக்கிழமையில் அதை மறைத்து ஒருவன் எனக்கு ஊட்டினால் அவனை நான் மன்னிப்பேனா? அவர் கை வாய்க்கிட்டே போய்விட்டது. நான் எழுந்து, "சாமி, வேணாம்! சாப்பிடாதீங்க சாமி, அதுல பிராந்தி இருக்கு" என்று கத்திவிட்டேன். சாமி என்று என் வாயிலிருந்து வந்தது எனக்கே அப்புறம்தான் உறைத்தது. உன் கல்யாணம் பேசினபோது, அந்த வீட்டு ஆட்கள் முன்னால் போய் நிற்க மாட்டேன் என்று மேசையைத் தட்டின அதே வாய்தான்.

அவர் துண்டைத் தட்டில் வைத்தார். பின்பக்கம் போனார், குழாய் திறக்கிற சத்தம் கேட்டது, வெகுநேரம் கேட்டது. சாருமதி, நான்தான் போத்தல் எடுத்தேன் என்று அழ ஆரம்பித்துவிட்டாள். இல்லைம்மா, நான் சொல்லித்தான் நீ எடுத்தாய், தப்பு தாத்தாவுடையது என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். எழுந்து போய்விடலாம் என்று கார்ச் சாவியைக் கையில் எடுத்தும் விட்டேன். அவர் ஈரக் கையோடு வந்து என் எதிரில் உட்கார்ந்து, "சம்பந்தி, பிராந்தி போட்ட கேக் எத்தன நாளைக்குத் தாங்கும்?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. ஃப்ரீசரில் வைத்தால் இரண்டு மாசம்கூடத் தாங்கும் என்றேன். "அப்பச் சரி. இந்த வீட்டுல இப்ப வெக்க முடியாது, நீங்களே கொண்டுபோய் உங்க ஐஸ்பெட்டியில வைங்க. நான் மலைக்குப் போயிட்டு வந்து மாலையக் கழட்டிட்டு, இருபதாம் தேதி கூலாய்க்கு வரேன். அங்க வெட்டிச் சாப்பிடலாம். கேக் வேணாம்னா சொன்னேன்? இப்ப வேணாம்னுதானே சொல்றேன்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார் பார், அந்தச் சிரிப்பில் எனக்கு அடக்க முடியவில்லை, முகத்தைத் தோள் துண்டால் மூடிக்கொண்டேன். உன் மாமியார் டீ கொண்டுவந்து வைத்தார்கள், குடித்தேன். சாப்பாட்டுக்கும் இருந்தேன், சாம்பார் நம் வீட்டைவிட நன்றாக இருந்தது, இதை அம்மாவிடம் சொல்லிவிடாதே.

இப்போது நான் சொல்ல வந்தது. உன் கல்யாணத்துக்கு நான் வராதது உனக்குத் தெரியும், கேக் வராதது ஏன் என்று உனக்குத் தெரியாது. ஓவன் பழுதாகிவிட்டது என்று அம்மா உன்னிடம் பொய் சொன்னாள். கேக் செய்திருந்தாள் அபி. இரண்டு அடுக்கு, அடிக்கும்போது செபமாலையை உனக்காகச் சொல்லி அடித்தாள். அது என் வேனில்தான் சாயாமல் உட்காரும், நான் வேனை எடுக்க மாட்டேன் என்று சாவியைப் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அவள் தனியாக டாக்சி பிடித்து வந்தாள். நான் அந்தக் கேக்கைப் பார்த்துக்கொண்டே நாள் முழுக்க மேசை முன்னால் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் அதை வெட்டித் தமான் முழுக்கக் கொடுத்தாள், எனக்கு ஒரு துண்டு வைக்கவில்லை, ஒரு வார்த்தையும் திட்டவில்லை. இதை உன்னிடம் சொல்ல எனக்கு எட்டு வருஷம் ஆகியிருக்கிறது. நீ ஏழு வயதில் மூன்று நாளில் சொல்லிவிட்டாய். அப்பா செய்தது தப்பு. என்னை மன்னித்துவிடு அபி.

கேக் இப்போது நம் ஃப்ரீசரில் மீனுக்குத் தள்ளி மேல் தட்டில் இருக்கிறது. அலுமினியத் தாளின் மேல் சாருமதி தன் கையால், சாமி தாத்தா, கூலாய் தாத்தா, பாட்டி, அம்மா என்று எழுதி ஒட்டியிருக்கிறாள். போன செவ்வாய்க்கிழமை டாக்டர் பேசலாம் என்றதும் உன் அம்மா வாயைத் திறந்து சொன்ன முதல் வார்த்தை, ஆண்டவருக்கு நன்றி இல்லை, "சின்ன போத்தல்!" என்பதுதான். அன்றிலிருந்து அதே பல்லவிதான். மாப்பிள்ளையிடம் கறித்தூளும் நெத்திலிச் சம்பலும் கொடுத்து அனுப்புகிறாள், மூடியை இறுக்கி வை. பிள்ளைக்குக் காதை மூடுகிற தொப்பி வாங்கு. எனக்கு அவளை அனுப்ப மனசில்லை, ஆனால் அவள் அம்மாவிடம்தானே போகிறாள். மாதா உங்கள் மூவரையும் காக்கட்டும், அந்த வீட்டுச் சாமியும் கூடவே வந்து காக்கட்டும்.

இருபதாம் தேதியை மறக்காதே. செவ்வாய்க்கிழமை, இங்கே சாயந்திரம் ஐந்து மணி, உனக்குக் காலை ஒன்பது. அன்றைக்கு டூட்டி போட்டுக்கொள்ளாதே, போனை எடு. சம்பந்தியிடம் சொல்லிவிட்டேன், நீ முகம் காட்டாமல் கத்தி வைக்கப் போவதில்லை என்று. உன் கல்யாணக் கேக்கை அன்றைக்குத்தான் வெட்டுகிறோம்.

அன்பு முத்தங்களுடன்,
உன் அப்பா
ரபேல்